நான் வக்கீல் வெச்ச லட்சணம்

கேட்டீங்களா தம்பி, கேட்டீங்களா? இதா இப்ப மாத்துனானே, இது கியர் மாத்தறதா? உலக்கையை எடுத்து நெல்லு குத்தறவனாட்ட குத்தறான். கிளட்ச்சை முழுசா மிதிக்காமக் கியரைப் போட்டா உள்ள இருக்கற பல்லு என்னத்துக்கு ஆகும்? எவன்கிட்டக் கத்துக்கிட்டானோ, எங்கிட்ட இல்லை, அது மட்டும் சத்தியம். சித்த நகந்து நல்லா உக்காருங்க. நீங்க பல்லடத்துலதான ஏறுனீங்க? நான் கோயமுத்தூர்லிருந்து இந்தக் கொடுமையக் கேட்டுட்டு வாறேன்.

நான் பஸ்ல போறவனே இல்லைங்க. கட்டாயத்துக்கு ஏறியிருக்கறேன். காங்கேயத்துல நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல்னா பொறந்த கொழந்தையும் கை காட்டும். கேள்விப்பட்டதில்லையா? சரி, உடுங்க, நீங்க வெளியூரு. எங்கூர்ல ஸ்டியரிங் புடிக்கற கையில பாதிக் கையி நான் தட்டித் திருத்துன கையி. அரிசி மண்டிக்காரரு, டாக்டரம்மா, ரிஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க்கு, அட, எங்க ஸ்டேசன் எஸ்ஐ கூட எங்கிட்டத்தான். அந்த எஸ்ஐக்கு ரிவர்ஸ் வராது. இன்னைக்கு வரைக்கும் வராது. ஜீப்பைப் பின்னால எடுக்கோணும்னா ஏட்டைத்தான் எறக்கி வழி காட்ட விடுவான். அவன்தானுங்க என்ற மேல கேஸ் எழுதுனது!

லைசென்ஸை முடக்கிப்போட்டாங்க. ஆருதுன்னு கேக்கறீங்களா? என்றதைத்தான். ஊருக்கே லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவன் லைசென்ஸை. சிரிப்பு வந்தாச் சிரிச்சுக்குங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. சிவன்மலைக்குப் போயிருந்தோம், நானும் என்ற சம்சாரமும். அவ எங்கெ போனாலும் கூட வருவா. முன்னாடியெல்லாம் அப்பிடி இல்லைங்க, இந்த ரெண்டு மூணு வருசமாத்தான். கடைக்குப் போனாலும் வருவா, ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனாலும் வருவா, பெட்ரோல் போடப் போனாலும் சேலையைச் சுத்திக்கிட்டு வந்து முன்சீட்டுல உக்காந்துக்குவா. "ஏம்ப்பா நாச்சிமுத்து, புதுசாக் கண்ணாலம் ஆனவனாட்டச் சோடியாத் திரியறே"ன்னு ஒறம்பரை, சொந்தக்காரனெல்லாம் கேலி பேசறான். எனக்கு மானம் போகுது. வராதேன்னாக் கேக்கறாளா? "வூட்டுல சும்மா உக்காந்து என்னுங்க பண்றது"ங்கறா. மயிலாத்தான்னு பேரு. பேருதான் மயிலு, புடிச்சா உடும்பு.

அன்னைக்குச் சாமி கும்பிட்டாச்சு, எறங்கி வந்தாச்சு. வண்டிகிட்ட வந்த பொறகு, உத்தரவுப் பெட்டியில என்ன வெச்சிருக்கறாங்கன்னு பாக்கலீங்கறா. அது எங்க சிவன்மலை வழக்கம். ஆரோ ஒருத்தர் கனவுல சாமி வந்து ஒரு பொருளைச் சொல்லும், அதைக் கொண்டாந்து பெட்டியில வெப்பாங்க. அதைப் பாக்க மறுக்காப் போறேன்னு போனவ போனவதான். பொழுது எறங்குது. சாயந்தரக் கிளாசுக்கு ரெண்டு பசங்க காத்திருக்கறாங்க. எனக்கு ஆத்தரம் வந்துருச்சு. கெடக்குது கழுதை, பஸ்ல வரட்டும்னு வண்டியை எடுத்துப்போட்டேன். அவ பாத்துட்டாளாட்ட இருக்குது. அந்தத் தேங்காய்க் கடைக்காரன் பொறகு சொன்னான், செருப்புக்கூடப் போடாமக் காரு பின்னாடியே ரோட்டு வரைக்கும் ஓடியாந்தாளாமா. பாசமாமா! அறுவது வயசுக்குப் பக்கத்துல என்ன ஓட்டம் வேண்டிக் கெடக்குது?

எங்கூரு சிக்னலுக்கு வந்தேன். பச்சை. நான் வரும்போது பச்சைதானுங்க, அடிச்சுச் சொல்றேன். திடீர்னு சிகப்பாயிருச்சுன்னா அதுக்கு நானா பொணை? சரி, பிரேக்குல காலு வெச்சேன். புடிக்கலை. எப்பவும் காலை வெச்சாப் போதும், பெடலு வெண்ணையாட்டத் தானா எறங்கும். நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னிருக்கும். அப்பிடி வசக்கி வெச்சிருந்தேன் அந்த வண்டியை, எங்கூருக் காளையை வசக்கறாப்பிடி. அன்னைக்குன்னு பாத்து அது சதி பண்ணிப்போடுச்சு. குறுக்கால ஒரு மொபெட்டு. செங்கோடன்னு ஒரு பால்காரன். ரெண்டு பக்கமும் கேனைத் தொங்க விட்டுக்கிட்டு, ரோட்டை அவங்கப்பன் எழுதி வெச்சாப்பிடி வாறான். மோதி, அவன் ஒரு பக்கம், கேனு ஒரு பக்கம். ரோடெல்லாம் பாலு. பாலு கொட்டுனதுக்கு அழுகறானா கையி ஒடிஞ்சதுக்கு அழுகறானான்னே தெரியலை, அப்பிடி ஒரு அழுகை.

சிகப்பைத் தாண்டினது ஒண்ணு, கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினது ஒண்ணு, காயம் பண்ணினது ஒண்ணுன்னு எஸ்ஐ எழுதி நீட்டறான். "மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க"ங்கறான். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன் எனக்குச் சொல்றான், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினேனாமா!

சரி, வக்கீல் கதைக்கு வாறேன்.

மொதல்ல ஒருத்தன்கிட்டப் போனேன். கந்தப்பன்னு, கோர்ட்டுக்கு முன்னாடி டீக்கடையிலயேதான் அவன் ஆபீஸு. கோட்டு ஒரு காலத்துல கருப்பா இருந்திருக்கும். பேப்பரை வாங்கிப் பாத்துட்டு வடையைக் கடிச்சுக்கிட்டே சொல்றான், "தெரியாம நடந்துபோச்சுன்னு ஒத்துக்குங்க. அந்தப் பால்காரன் கையைப் புடிச்சு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்க. அபராதம் போடுவாங்க, கட்டிட்டு வூட்டுக்குப் போலாம்." இதுக்கு வக்கீலு எதுக்குங்க? ஒத்துக்கறதுக்கு எனக்கு வாயில்லையா? நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு எங்கிட்ட எவன் கத்துக்க வருவான்? "உங்க மாஸ்டரே சிகப்புல போனவருதான"ம்பான். சிகப்புல நிக்கோணும்னு ஊருக்கே சொல்லிக்குடுத்தவன் நானு. வடையைத் தின்னுட்டுக் கம்முனு இருன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

அப்பறம்தான் கோகிலவாணி நெனைப்பு வந்துது. அவளும் எங்கிட்டக் கத்துக்கிட்டவதான். வக்கீலுக்குப் படிச்சு முடிச்ச புதுசுல வந்தா. அவளுக்குக் கிளட்ச்சே புடிபடலைங்க. மேட்டுல நிறுத்தி எடுன்னா, வண்டி நிக்கும், ஆஃப் ஆகும், பின்னால உருளும், இவ கண்ணுல தண்ணி வரும். "அரிசி பருப்பு வேகுதான்னு பாக்கத்தான் நீ லாயக்கு"ன்னு திட்டியிருக்கறேன். திட்டுனாத்தானுங்க கத்துக்குவாங்க. இப்ப அவ பெரிய வக்கீலாமா, நாலு பேரு வாசல்ல காத்திருக்கறான். குரு சொன்னாக் கேப்பா, மறுத்துப் பேச மாட்டான்னுதான் போனேன். அங்கதான் ஏமாந்தேன்.

நான் என்ன பண்ணினேன், கேஸை முழுசா நானே ரோசனை பண்ணி வெச்சுட்டுத்தான் போனேன். பிரேக்கு புடிக்கலை. அம்புட்டுதான் கேஸு. கம்பெனிக்காரன் தப்பு, என்ற தப்பில்லை. இதைக் கோர்ட்டுல இங்கிலீசுல சொல்ல ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் வக்கீலு. அவ என்னடான்னா பேனாவை மூடி வெச்சுட்டு, "மாஸ்டர், வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பாத்திருக்காரு. பிரேக் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்திருக்காரு"ங்கறா. அந்த ஆய்வாளரு! கார்ல ஏறுனா மொதல்ல ஏசியப் போடுன்னு சொல்ற ஆளு. அவனுக்குப் பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்?

"சரிங்க மாஸ்டர், நான் ஒருக்கா உங்களோட அந்த வண்டியில வரணும்"னா. வா, வந்து பாரு, உன்ற மாஸ்டர் எப்பிடி ஓட்டறான்னு பாருன்னேன். மயிலாத்தா வழக்கம்போல முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டா. இவ பின்சீட்டுல. எங்க ஸ்கூல் வண்டியைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். ஓட்டறவனுக்கு இருக்கறாப்பிடியே பக்கத்து சீட்டுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச்சு இருக்கும். கத்துக்கறவன் தப்பு பண்ணினா, சொல்லிக்குடுக்கறவன் அங்கிருந்தே அமுக்கி நிறுத்திக்கலாம். ரெண்டு பெடலுக்கும் கம்பி போட்டு இணைச்சிருக்கும். அங்க அமுக்குனா இங்கயும் எறங்கும்.

சென்னிமலை ரோட்டுல போறேன். எதுக்கால செம்மறிக் கூட்டம் ரோட்டைத் தாண்டுது. நான் பேசிக்கிட்டே வாறேன், எங்கிட்டக் கத்துக்கிட்டவங்க கதையெல்லாம். வண்டி அப்பிடியே பூவாட்ட வேகம் கொறைஞ்சு, கூட்டத்துக்கு நாலடி முன்னால நின்னுது. ஒரு ஆட்டுக்குட்டி மெரளலை! "பாத்தியா சாமி, இதுதான் நாச்சிமுத்து பிரேக்கு"ன்னேன். அப்பறம் ஒரு வேகத்தடை, பெயிண்டு அடிக்காம வெச்சிருக்கறான் படுபாவி, அதுலயும் மடியில தண்ணி வெச்சிருந்தாச் சிந்தாது. பின்னால திரும்பிப் பாத்தா, இவ என்ற காலைப் பாக்கலை. மயிலாத்தா காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. மயிலாத்தா எப்பவும் செருப்பைக் கழட்டிப்போட்டு, காலை முன்னால நீட்டி வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவா. மூட்டு வலியாமா. வக்கீலு, ஆடு தாண்டறதைப் பாக்காம எங்கூட்டுக்காரி மெட்டியைப் பாத்துக்கிட்டு வந்தா, கேஸு எப்பிடிங்க ஜெயிக்கும்?

திரும்பி வரும்போது, "அம்மா நீங்க எறங்கி என் ஆபீஸ்ல இருங்க, நானும் மாஸ்டரும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்"னா. மயிலாத்தா மொகம் செத்துப்போச்சு. எறங்க மாட்டேங்கறா. "நான் இருக்கறனே கண்ணு, நானும் வாறனே"ங்கறா. எறங்குன்னு ஒரு அதட்டுப் போட்டேன், எறங்குனா. போனோம். ஒரு மாட்டு வண்டி முன்னால போகுது. பின்னால ஒரு வெளக்கு கெடையாது, சிகப்புத் துணி கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் எப்பிடிங்க பாப்பேன்? இவ பின்னாலிருந்து "மாஸ்டர்!"னு வீறிட்டுக் கத்துனா. அந்தக் கத்தல்ல நான் பயந்து ஸ்டியரிங்கை ஒடிச்சு, வண்டி வாய்க்கா மேட்டுல ஏறி நின்னுது. அவ கத்தாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கிளட்ச்சுக்கு அழுதவதான, அந்த பயம் இன்னும் போகலை.

அப்பறம் மெதுவா, "மாஸ்டர், கடைசியா எப்ப கண்ணைக் காட்டுனீங்க?"ங்கறா. எனக்குச் சுர்ருனு வந்துருச்சு. வக்கீலு வக்கீலு வேலையப் பாக்கோணும், வைத்தியம் பாக்கப்படாது. "இந்தக் கண்ணாலதான் உன்னைய ரோட்டுல சேத்தேன்"னேன். அவளும் கந்தப்பன் சொன்னதையே திருப்பிச் சொல்றா. ஒத்துக்குங்க, வருத்தம் சொல்லுங்க, கண்ணைச் சரி பண்ணிட்டு வருவாருன்னு நானே கோர்ட்டுல சொல்றேன், ஸ்கூலு பொழைச்சுக்கும்ங்கறா. கந்தப்பனாவது வடை திங்கறவன். இவ ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு அதையே சொல்றா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா. கேஸை நடத்தத் தெரியலை, கண்ணு சரியில்லைங்கறா.

அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை உதிச்சுது. "பிரேக்கைப் பத்திச் சொல்ல சாட்சி இல்லைங்கற, அதான? மயிலாத்தா இருக்கறாளே. தெனமும் கூட வாறவ. அவளைக் கூண்டுல ஏத்து. ஒரே ஒரு கேள்வி கேளு, பிரேக்கு எப்பிடின்னு. புடிக்காதுன்னு சொல்லுவா. முடிஞ்சுது கேஸு"ன்னேன். கோகிலவாணி பதறிட்டா. "வேண்டாம் மாஸ்டர். அம்மாவைக் கூண்டுல மட்டும் ஏத்த வேண்டாம்"னு கையெடுத்துக் கும்பிடாத கொறை. என்ற கேஸு, என்ற சம்சாரம், நான் சொன்னதைச் செய்யின்னேன். வூட்டுக்கு வந்து மயிலாத்தாகிட்டயும் சொன்னேன். "பிரேக்கு புடிக்காதுன்னு சொல்லோணும், என்ன?" கம்முனு இருந்தா. சரிங்கறான்னு நெனைச்சேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லிருந்து கம்முனு இருந்தாச் சரின்னுதானுங்க அர்த்தம்.

கோர்ட்டுல பால்காரனைக் கூப்புட்டாங்க. கையில மாவுக்கட்டு. ஏறி நின்னு என்ன சொல்லோணும்? திட்டோணுமில்ல? அவன், "மாஸ்டர் நல்ல மனுசனுங்க சாமி. என்னைய அவரு பாக்கலைங்க. பாத்திருந்தா மோதியிருக்க மாட்டாருங்க"ங்கறான். அவன் எரக்கம் ஆருக்கு வேணும்? பாலுல தண்ணி ஊத்தறவன், எனக்கு நல்ல மனுசன்னு சர்டிபிகேட் குடுக்கறான்.

அப்பறம் மயிலாத்தா. ஏறி நின்னா. முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, சத்தியம் பண்ணினா. கோகிலவாணி என்னையத் திரும்பி ஒருக்காப் பாத்துட்டு, நான் சொன்ன கேள்வியைக் கேட்டா.

"அம்மா, அந்த வண்டியில பிரேக் எப்படிங்க?"

"நல்லாப் புடிக்குமுங்க."

எனக்குக் காதுல தேளு கொட்டுனாப்பிடி ஆயிருச்சு. அரசாங்க வக்கீலு, பழம் நழுவிப் பாலுல விழுந்தாப்பிடித் துள்ளி எந்திரிச்சான். "நல்லாப் புடிக்கும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? ஓட்டறது உங்க வீட்டுக்காரர்தானே?"

"ஓட்டறது அவருங்க. புடிக்கறது நானுங்க."

மாஜிஸ்ட்ரேட்டு சின்ன வயசுக்காரரு, எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவை எடுத்துட்டு நிமுந்து பாத்தாரு. "உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சாமி. பிரேக்கு மட்டும் தெரியும்."

சிரிச்சானுங்க பாருங்க! டவாலி சிரிக்கறான், ஏட்டு சிரிக்கறான், எங்கிட்டக் கத்துக்கிட்டவன் நாலஞ்சு பேரு பின்னால நின்னு சிரிக்கறான். மாஜிஸ்ட்ரேட்டு மட்டும் சிரிக்கலை. "எத்தனை நாளா இப்படி?"ன்னாரு.

"பொழுதானா எதுக்கால வர்றது அவருக்குத் தெரியாமப் போச்சுங்க. அதுலயிருந்துங்க. மொதல்ல சாயந்தரத்துல மட்டும் கூடப் போனனுங்க. அப்பறம் பகல்லயும் போக வேண்டியதாப் போச்சு."

"ஏம்மா, அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? டாக்டரைப் பாக்கச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வண்டியை விட்டுப்போடோணுமுங்களே சாமி. வண்டியை விட்டா அவரு என்ன ஆவாருங்க?" அப்பிடின்னவ, "அன்னைக்கு நான் அந்தப் பெட்டியைப் பாக்கப் போயிருக்கப்படாதுங்க. அந்தத் தம்பி கையி ஒடிஞ்சது என்னாலதானுங்க"ன்னு பால்காரனைப் பாத்துக் கும்பிட்டா.

இது எப்பிடி இருக்குது? மோதுனது நானு, மன்னிப்புக் கேக்கறது அவ! என்ற தப்பில்லைன்னு நான் ஒரு பக்கம் போராடிக்கிட்டு இருக்கறேன். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதும்பாங்க, அது இதுதான். என்ற வக்கீலு, என்ற சாட்சி, என்ற கேள்வி. வெளிய ஆரும் வந்து எனக்குக் கெடுதல் பண்ணலை.

அபராதம் போட்டு, லைசென்ஸை முடக்கி, கண்ணு டாக்டர் சர்டிபிகேட் கொண்டாராமத் திருப்பித் தரப்படாதுன்னு எழுதிப்போட்டாங்க. வெளிய வந்ததும் கோகிலவாணி சொல்றா, "மாஸ்டர், அம்மா உண்மையச் சொன்னதாலதான் ஜெயிலு இல்லாமப் போச்சு. நீங்க பிரேக் மேலயே பழியப் போட்டிருந்தா அவரு விட்டிருக்க மாட்டாரு." அவளும் அவ சட்டமும். மேட்டுல வண்டி எடுக்கத் தெரியாதவ.

அன்னைக்கு வந்து, ஆரும் இல்லாதப்ப ஷெட்டுக்குப் போய் அந்த இடது பக்கத்து சீட்டுக்குக் கீழ கையை விட்டுத் தடவிப் பாத்தேன். பிரேக்குப் பெடலு ரப்பர்ல வரிவரியாக் கீறல். நான் செருப்புப் போட்டு மிதிக்கற காலு, எனக்குக் கீறல் விழுகாது. எலி கடிச்சிருக்கும்னு நெனைச்சேன். இல்லைங்க, மெட்டி. அவ மெட்டி பட்டுப் பட்டுக் கீறியிருக்குது. அங்கயே உக்காந்துட்டேன், நெம்ப நேரம்.

எனக்கு என்ன கோவம்னு நெனைக்கறீங்க? கோர்ட்டுல சொன்னதுக்கா? அதுகூடப் பரவாயில்லைங்க. நாச்சிமுத்து பிரேக்கு அடிச்சா மடியில தண்ணி சிந்தாதுன்னு ஊரே பேசுச்சு. அரிசி மண்டிக்காரரு போன தீவாளிக்குக்கூட என்ற தோளைத் தட்டிச் சொன்னாரு. நான் மீசையை முறுக்கிக்கிட்டு வந்தேன். அது என்ற பிரேக்கு இல்லையாமா. சமையக்கட்டுல நிக்கறவ, ஒரு நாளு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாக்காதவ, நான் ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்காமயே கத்துக்கிட்டிருக்கறா, நான் வாழ்நாள் பூராச் சொல்லிக்குடுத்தும் எவனுக்கும் வராத பிரேக்கை. என்னைய வெக்கம் திங்குதுங்க தம்பி. கூட வந்தது பாசத்துக்குன்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன், காவலுக்கு வந்திருக்கறா.

அதுலயிருந்து நான் பேசறதில்லை. அவளும் பேசறதில்லை. தட்டு வருது, தண்ணி வருது, அம்புட்டுதான். ஸ்கூலைப் பூட்டியாச்சு. பசங்க வந்து கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

சரி, இவனுக மூஞ்சியில விட்டெறியறதுக்கு அந்தச் சர்டிபிகேட்டை வாங்கிட்டு வாறேன்னு இன்னைக்குத் தனியா, ஆருகிட்டயும் சொல்லாமக் கோயமுத்தூர் போனேன். அந்த ஆஸ்பத்திரி! சின்னப் பொடியனை டாக்டர்ங்கறாங்க. செவத்துல எழுத்தைத் தொங்க விட்டுட்டுப் படிங்கறான். ரூமுல வெளிச்சமே இல்லை. எழுத்தையும் மாவுல எழுதுனாப்பிடி மங்கலா எழுதி வெச்சிருக்கறான். மொதல் எழுத்துக்கு மேல ஆராலயும் படிக்க முடியாது. கேட்டா ரெண்டு கண்ணுலயும் புரையாமா. முத்திப்போச்சாமா. "இந்தக் கண்ணை வெச்சுட்டா ஓட்டுனீங்க?"ங்கறான். சிரிக்காமக் கேக்கறான், அதுதான் எனக்குப் பொறுக்கலை. ஆபரேசன் பண்ணினாத் தெளிஞ்சுருமாமா, லைசென்ஸும் வந்துருமாமா. எப்ப வேணா வாங்க, ஆனா கூட ஒரு ஆளு இல்லாமச் சேத்துக்க மாட்டோம்ங்கறான். கையெழுத்துப் போடவும் ஆளு வேணுமாமா, கண்ணைக் கட்டி விட்டாக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகவும் ஆளு வேணுமாமா. "கூட ஆரு வருவாங்க?"ன்னு பேனாவை வெச்சுக்கிட்டுக் கேக்கறான். எந்திரிச்சு வந்துட்டேன்.

என்னங்க, இருட்டிருச்சா? வெளிய லைட்டுப் போட்டுட்டாங்களா? காங்கேயம் வரப் போகுதா? அட, அதுக்குள்ளயா. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தப் போன்ல மயிலாத்தான்னு போட்டிருக்கும், கொஞ்சம் தேடிக் கூப்புட்டுக் குடுங்க. எழுத்தைக் கடுகாட்டப் போட்டுத் தொலைச்சிருக்கறான், போனு செஞ்சவன். இருக்குதா? மணி அடிக்குதா? குடுங்க.

ஆ… நான்தான். ஆரா? உன்ற புருசன்தான், வேற ஆரு. சத்தமாப் பேசு, பஸ்ஸுல இருக்கறேன். ஆமா, பஸ்ஸுலதான். எங்க போனேன்னு அப்பறம் சொல்றேன். இப்ப பஸ்ஸ்டாண்டுக்கு வந்து நில்லு. எதுக்கா? வான்னா வா. அழுகாதே, இப்ப எதுக்கு அழுகற, கம்முனு கேளு. கூட்டமா இருக்கும், இருட்டா இருக்கும். நான் உன்னையத் தேட மாட்டேன். நீதான் கூப்புடோணும்… எப்பிடிக் கூப்புடறதா? "ஏனுங்க"ன்னு கூப்புட்டா அங்கெ ஊர்ல இருக்கறவன் பூரா திரும்புவான், எனக்கு எப்பிடித் தெரியும் நீதான்னு? பேரைச் சொல்லு. ஆமா. என்ற பேரைத்தான். ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது, நான்தான் சொல்றேனில்ல. சத்தமாக் கூப்புடோணும், நாச்சிமுத்துன்னு. நான் வந்து கையைப் புடிச்சுக்கற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே நில்லு.